பொறுக்கும் இடமும் விரையும் இடமும்: முத்துக்குளித்துறைப் பெற்றோரும் குழந்தையின் மூளையும்

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசவில்லை என்பது தாமிரபரணிக் கரை முழுவதும் அறிந்த கதை. பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போனார்கள், முருகன் சந்நிதியில் நோன்பிருந்தார்கள், பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்று அவரது வரலாறு சொல்லும். பதினேழாம் நூற்றாண்டின் பெரும்புலவர் ஒருவரின் தொடக்கமே இப்படி என்பதால், பேச்சு வராத பிள்ளை உள்ள வீடுகளுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல். “அவரே அஞ்சு வயசுலதான் பேசுனாரு, நம்ம புள்ளையும் பேசும்” என்று பாட்டி சொல்லிவிட்டால் தாயின் மனம் அன்றைக்கு அமைதி கொள்ளும்.

அந்த ஆறுதலைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிலேயே ஒன்றிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டால், சில பிள்ளைகள் பிறகு ஈடுகட்ட முடியாத ஒன்றை இழந்துவிடுகிறார்கள். அதே வீட்டில் இன்னொரு காட்சியும் நடக்கும். இரண்டு வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுதால் “இப்பவே திருத்தலைன்னா கெட்டுப்போயிரும்” என்று கை ஓங்கும். மூன்று வயதில் பென்சில் பிடிக்கவில்லை என்றால் டியூஷன் தேடும். குழந்தையின் மூளை பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் அறிவைப் பெற்றோரின் இடத்தில் நின்று பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: விரைய வேண்டிய இடத்தில் பொறுக்கிறோம், பொறுக்க வேண்டிய இடத்தில் விரைகிறோம். எது எந்த இடம் என்பதை உப்பும் மீனும் கப்பலும் பிழைப்பாக உள்ள இந்தத் தூத்துக்குடிக் கரையை, முத்துக்குளித்துறையை, வைத்தே பார்க்கலாம்.

பிறந்த குழந்தையின் மூளை ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் இருக்கும். பெரியவர் மூளையில் கால் பங்கு. முதல் ஆண்டிலேயே அது இரு மடங்காகிறது. ஐந்தாறு வயதுக்குள் பெரியவர் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆனால் எடை சொல்வது பாதிக் கதைதான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோச்சர், இறந்த குழந்தைகளின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகளை எண்ணினார். பார்வைக்கான பகுதியில் அந்த இணைப்புகள் எட்டாம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறையத் தொடங்குகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையில், அதாவது திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும் பகுதியில், உச்சம் பின்னால் வருகிறது; குறைவது பதின்பருவம் வரை நீள்கிறது. புழங்கிய இணைப்பு நிலைக்கிறது, புழங்காதது கழிகிறது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழி மூளை முழுவதற்கும் ஒரே கெடு வைக்கிறது. உண்மையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கெடு. காதுக்கு அந்தப் பழமொழி மிகத் தளர்வானது. சினத்துக்கு அது மிகக் கடுமையானது.

காதையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை பிறவியிலேயே செவித்திறன் குறைவோடு பிறக்கின்றன என்பது உலகளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இருக்கும் இடத்தில் இந்த ஆபத்து கூடும். தமிழ்நாடு அப்படியான மாநிலம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும், முகம் பார்க்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆறேழு மாதத்துக்குப் பின் வரவேண்டிய ‘பாபா, தாதா’ மழலை வராதபோதுகூட ‘சில புள்ளைக மெதுவாத்தான் பேசும்’ என்ற சமாதானம் வந்துவிடுகிறது.

காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி பெற்ற குழந்தைகளை அனு சர்மா குழுவினர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களின் மூளை, ஒலிக்குக் காட்டும் எதிர்வினையில் சில மாதங்களிலேயே மற்றக் குழந்தைகளின் நிலையை எட்டியது. ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசம். இது பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லை. மூளையின் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையின் தொடக்கம் என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை இது. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் “காது டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று கேட்பது பெற்றோர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று.

பார்வையும் அப்படித்தான். பிறந்ததும் ஒரு கண் மூடப்பட்ட பூனைக்குட்டிகளின் மூளையை ஆராய்ந்த டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும், அந்தக் கண்ணைப் பிறகு திறந்தாலும் மூளை அதைப் பயன்படுத்துவதில்லை என்று காட்டினார்கள். 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும் கதவு பட்டென்று சாத்திவிடுவதில்லை. பிறவிக் கண்புரையோடு வளர்ந்த இந்தியப் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயதுக்கு மேலும் அறுவை சிகிச்சை செய்யும் ‘பிராஜெக்ட் பிரகாஷ்’ முயற்சியை நடத்தும் பவன் சின்ஹா, அவர்களும் எதிர்பார்த்ததைவிட நிறையப் பார்க்கக் கற்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்று எந்தப் பெற்றோரும் கைவிட வேண்டியதில்லை. சீக்கிரம் போனால் முழுசாகக் கிடைப்பது, தாமதித்துப் போனால் குறைவாகக் கிடைக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கரைக்கு நெருக்கமான ஒரு ஆய்வு உண்டு. தாய்லாந்துக் கடலில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமல் நீருக்கடியில் சிப்பிகளையும் சிறு உயிர்களையும் பொறுக்குவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் அவர்களைச் சோதித்தபோது, ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரு மடங்கு துல்லியமாக அவர்கள் நீருக்குள் பார்த்தார்கள். கண்மணியைச் சுருக்கி, பார்வையைக் குவிக்கப் பழகியிருந்தார்கள். அதே பயிற்சியை ஸ்வீடன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் சில வாரங்களில் அவர்களுக்கும் அது கைவந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைக்குக் கடல் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். மோக்கன் பிள்ளைகளுக்கு அது சிறுவயதுப் பழக்கத்தில் ஊறியது. பிறப்பைக் காரணம் காட்டி ‘நம்ம புள்ளைக்குப் படிப்பு வராது’ என்று முடிவு கட்டும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வளர்ச்சியைக் கவனிக்கும் கலை நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் முதல் இரண்டாண்டுகளைப் பருவம் பருவமாகப் பிரிக்கின்றன. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. கைதட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியது. பிறகு முத்தம், நடந்து வரும் வருகை, நிலாவை அழைக்கும் அம்புலி. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. இன்றைய குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டையில் குறிப்பது பெரும்பாலும் இதே செயல்களைத்தான். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய அட்டையில் பதினேழே பதினேழு செயல்கள். அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

ஆனால் மாதக் கணக்கை எப்படிப் படிப்பது என்பதில் நாம் தவறுகிறோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளை அளந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, நல்ல ஆரோக்கியமான குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் காலம் எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது. நூறில் நான்கு குழந்தைகள் முழங்காலில் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததற்காக நம் பிள்ளையை நடைவண்டியில் கட்டிப்போட அவசியமே இல்லை. இது பொறுக்கும் இடம்.

அம்புலிப் பருவம் வேறு வகை. தாய் நிலாவைக் காட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்க்காமல், விரல் காட்டும் திசையில் பார்க்கிறது. பிறகு தானே விரல் நீட்டி எதையாவது காட்டிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இருவரும் ஒரே பொருளில் மனம் வைக்கும் இந்தச் செயலில்தான் பேச்சு வேர்விடுகிறது. ஒன்றரை வயதிலும் பிள்ளை எதையும் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறியாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எப்படியிருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. குறை தெரிந்த பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

பேச்சு பற்றி இன்னொரு செய்தி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார். எதிரே அமர்ந்து ஒருவர் பேசி விளையாடியபோது சீன ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. தூத்துக்குடியில் புதிய துறைமுகம் 1974-இல் திறக்கப்பட்ட பிறகு, வேலைக்காக ஊர் விட்டு வந்து குவார்ட்டர்ஸிலும் வாடகை வீட்டிலும் தனியாக இருக்கும் குடும்பங்கள் இங்கே பெருகின. பாட்டி இல்லாத வீட்டில் சோறூட்ட செல்போன் வருவது எனக்குப் புரிகிறது. அந்தத் தாயைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. ஆனால் மீன் கழுவும்போது குழந்தையை எதிரே உட்காரவைத்து “இது சாளை, இது காரல்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது, எந்தப் பாட்டுக் காணொலியும் தராததைத் தரும்.

இனி உப்பு. தூத்துக்குடிக்காரர் மற்ற எவரையும்விட அறிந்திருக்க வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளுக்கு உலகிலேயே முதன்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறை. கருவில் இருக்கும் குழந்தை ஏறக்குறைய முதல் பாதிக் காலம் தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே மூளையைக் கட்டுகிறது. அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். இமயமலை அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு பெற்ற பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. அதிலிருந்து பிறந்ததே 1962-இன் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம். உண்பதற்காக அயோடின் இல்லாத உப்பை விற்பதற்கு 2006 முதல் மீண்டும் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

கடல் நீரில் அயோடின் உண்டு, ஆகவே கடல் உப்பில் தானாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பாத்தியில் விளையும் உப்பில் அது ஏறக்குறைய இல்லை என்பதே உண்மை, கலந்தால்தான் உண்டு. வேப்பலோடையிலிருந்து ஆறுமுகநேரி வரை வெயிலில் நின்று நாட்டுக்கு உப்பு வாரிக் கொடுக்கும் குடும்பங்கள், தங்கள் சமையலுக்கு அளத்துக் கல்லுப்பை அப்படியே எடுத்துப் போவது இயல்பு. அதில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேண்டிய பொருள் இல்லை. 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் நாட்டில் சராசரியாக 76 சதவீதம்; தமிழ்நாட்டில் 62 சதவீதம் மட்டுமே, மாநிலங்களிலேயே கடைசி. குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு விளைவிக்கும் மாநிலத்துக்கு இந்த இடம் எனக்கு வேதனை தருகிறது. இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. பாக்கெட்டில் அயோடின் குறியீட்டைப் பார்த்து வாங்கி, ஈரம் படாத மூடிய டப்பாவில் வைத்தால் போதும். கருத்தரித்த பிறகு மாற்றுவதைவிட, கல்யாணமான நாளிலிருந்தே அந்த உப்புக்கு மாறிவிடுவது நல்லது.

மீன் விஷயத்தில் கடற்கரைக்கு நல்ல செய்தி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஆய்வு 2007-இல் வந்தது. வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் பேச்சறிவுத் தேர்வில் பின்தங்கினார்கள். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா கொழுப்பு நரம்பணுக்களின் சவ்வில் சேர்வது. மீனில் சேரும் பாதரசம் பற்றிய அச்சமும் நியாயமானதே. திமிங்கல இறைச்சி உண்ணும் ஃபாரோ தீவுகளில் பாதிப்பு தெரிந்தது. நாள்தோறும் மீன் உண்ணும் செஷல்ஸ் தீவுகளில் அப்படித் தெரியவில்லை. பாதரசம் பெரிய மீனில்தான் சேர்ந்துகொண்டே போகும். எனவே சாளை, நெத்திலி, சூடை, காரல் என்று விலை மலிந்த சிறுமீன்களே கர்ப்பிணிக்கு உகந்தவை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கத்தைச் சிறு சுறாவோடு, எப்போதாவது என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய சுறாவும் மயில்மீனும் அந்த மாதங்களில் வேண்டாம்.

வலையில் கட்டும் ஈயக் குண்டு பற்றிப் பேசுபவர் குறைவு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் குடல் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் கூடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கொலம்பியாவின் கார்த்தஹேனா கடற்கரையில், வீட்டில் ஈயம் உருக்கி வலைக் குண்டு வார்க்கும் குடியிருப்புகளில் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. இங்கேயும் எங்காவது வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்கப்பட்டால், பழைய பேட்டரி உடைக்கப்பட்டால், பிள்ளையை அங்கிருந்து அகற்றுவதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஈயம் பாதித்த பிள்ளை சோம்பேறியாகவும் முரடனாகவும் தெரியும். அதற்காக அடியும் வாங்கும்.

அடி என்றதும் மறுபக்கத்துக்கு வருகிறோம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை பிள்ளைகள் கத்திப் புரண்டு அழுவது உலகமெங்கும் உள்ளது. கேட்டது கிடைக்கவில்லை, சொல்லத் தெரியவில்லை. பொங்கும் உணர்ச்சியைப் பிடித்து நிறுத்த வேண்டிய முன்மூளையோ இன்னும் கட்டி முடியவில்லை. மைக்கேல் போட்டிகல் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஆர்ப்பாட்டங்களில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து, முட்டி மோதாமல் பார்த்துக்கொண்டு, கேட்டதைக் கொடுக்காமலும் கோபப்படாமலும் இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். “அம்மாவைப் பழிவாங்கத்தான் அழுறான்” என்று நினைக்கும்போது கை ஓங்குகிறது. திட்டமிட்டுப் பழிவாங்கும் ஆற்றல் அந்த வயது மூளைக்குக் கிடையாது.

‘அடியாத மாடு படியாது’ என்பவர்களுக்கு: எலிசபெத் கெர்ஷாஃப் 2016-இல் எழுபத்தைந்து ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. கீழ்ப்படிதல் கூடியதற்குச் சான்று இல்லை. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது என்றும் வாதிடலாம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி நிலைமையை மோசமாக்கியதே தெரிகிறது. பள்ளியில் அடிப்பதை 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. வீட்டுக்குள் சட்டம் வராது. பெற்றோரின் மனம்தான் வர வேண்டும்.

பொறுமை கற்றுத்தருவது பற்றி ஒரு சோதனை என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லும் சோதனை பலருக்கும் தெரியும். செலஸ்ட் கிட் 2013-இல் அதற்கு முன்னால் ஒரு படி சேர்த்தார். ஒரு குழுவிடம் சொன்னபடி நல்ல வண்ணப் பென்சில்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு குழுவிடம் கொண்டுவருவதாகச் சொல்லி ஏமாற்றினார். பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். பெரியவர் சொல் நம்பத் தகுந்ததா என்று கணக்குப் போட்டே பிள்ளை பொறுக்கிறது.

கடலுக்குப் போகும் தந்தையருக்கு இது நேரடியான செய்தி. தருவைக்குளத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே இருக்கும். தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும். சரக்குக் கப்பல் மாலுமிகளும் காயல்பட்டினத்திலிருந்து வெளிநாடு போனவர்களும் மாதக்கணக்கில் வீட்டில் இல்லை. திரும்பி வந்த தந்தையைக் கண்டு ஒரு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்தால் அது பாசமின்மை இல்லை. அறிந்தவர் முகத்தையும் அறியாதவர் முகத்தையும் பிரிக்கக் கற்றுவிட்ட மூளை தன் வேலையைச் செய்கிறது. அள்ளித் தூக்காமல் அருகில் அமர்ந்து காத்திருந்தால் ஓரிரு நாளில் பிள்ளையே மடிக்கு வரும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லாமல் இரவில் கிளம்பிப் போவதைவிட, அழுதாலும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. “நாளைக்கு வந்துருவேன்” என்று பொய் சொல்லக் கூடாது. அதன் விலை, பிள்ளை எதற்கும் காத்திருக்க மறுக்கும்போது தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொன்றைக் கடந்த பிள்ளை மழைச் சத்தத்துக்கு நடுங்குவதும், நனைக்காமல் பழகிவிட்ட பிறகு மீண்டும் படுக்கையை நனைப்பதும், அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்வதும் எதிர்பார்க்க வேண்டியவை. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடலுக்கு அப்பால், போரையும் சுனாமியையும் ஒருங்கே கண்ட வடகிழக்கு இலங்கைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கிளாடியா கட்டானி குழு 2008-இல் ஆராய்ந்தபோது, தந்தையின் குடியோடு சேர்ந்து வீட்டுக்குள் நடந்த வன்முறையும் அவர்கள் மனத்தைத் தனியாகக் காயப்படுத்தியிருந்தது. வெளியே வந்த பேரிடரை நாம் தடுக்க முடியாது. வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்கலாம்.

பதின்பருவத்தில் பெற்றோர் மறுபடியும் திகைக்கிறார்கள். ஆறடி வளர்ந்த பையன் கடற்கரைச் சாலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பைக்கில் பறக்கிறான். தனியாகக் கேட்டால் ஆபத்தை நம்மைப் போலவே விளக்கிச் சொல்கிறான். லாரன்ஸ் ஸ்டைன்பர்க் 2005-இல் செய்த சோதனையில், கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடிய பதின்பருவத்தினர் பெரியவர்கள் அளவுக்கே கவனமாக இருந்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கானது. பாராட்டுக்கும் பரபரப்புக்கும் துடிக்கும் பகுதி முன்பே விழித்துவிடுகிறது. தடுக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது. இந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்ப முடியாது. வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், இரவு எத்தனை மணி வரை என்பதை முன்கூட்டியே பேசி வைப்பதுதான் பயன் தரும். முத்துக்குளிக்கும் காலத்தில் கல்லைக் கட்டி இறங்கியவனின் கயிற்றை மேலே பிடித்தவர், அவனுக்காகத் தான் குதிக்கவும் இல்லை, கயிற்றை விட்டுவிடவும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு அந்த வேலைதான்.

இவ்வளவையும் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. உப்பளத்துப் பெண் வெயிலுக்கு அஞ்சி விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறாள். அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கு அவள் பாதி வேலையை முடித்திருப்பாள். அவளுடைய கைக்குழந்தை அதுவரை யார் மடியில் இருக்கிறது என்பது மூளை வளர்ச்சி பற்றிய கேள்விதான். ஜமைக்காவில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழு, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சமூகப் பணியாளரை அனுப்பி, தாயோடு சேர்ந்து பிள்ளையை விளையாட வைத்தது. விலையுயர்ந்த பொம்மைகள் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் வருமானம், அப்படிப் பணியாளர் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பசித்த பிள்ளை படிக்காது என்று அன்று கண்டுகொண்ட மாவட்டம், உப்பளப் பகுதிகளில் அங்கன்வாடிகளை விடியற்காலையில் திறந்து இன்னொரு தொடக்கத்தைச் செய்யலாம்.

அதோடு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதனோடு ஒட்டி வருகிறது. கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும் இல்லாத தந்தையர் அப்போது வீட்டில் இருக்கிறார்கள். திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் தருவைக்குளத்திலும் புன்னைக்காயலிலும் அந்த இரண்டு மாதத்தில் ஒருமுறை காதும் கண்ணும் ரத்தசோகையும் வளர்ச்சி அட்டையும் பார்க்கும் முகாமை நடத்தினால், தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளையைக் கூட்டி வருவார்கள். மருத்துவர் சொல்வதை இருவரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். முகாமுக்கு வேண்டிய குழுவும் அட்டையும் அரசிடம் ஏற்கனவே இருக்கின்றன. நாளை மட்டும் குறிக்க வேண்டும்.